ஏர் ரைஃபிள் டிரிகர் கல்லு மாதிரி இறுகிப் போச்சு, சியரை அரத்துல உரசலாமா?

ரப்பர்காட்டான், குலசேகரம்:

அண்ணன்மாரே ஒரு உதவி. எங்கிட்ட ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒண்ணு இருக்கு, பேரல மடக்கி காக் பண்ற (உள்ள ஸ்பிரிங்க அமுக்கி வைக்கற) மாடல், குண்டு அளவு .177 இன்ச்தான், பழசா வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்டுக்குப் பின்னால தோப்புல பத்து மீட்டர் அளந்து, மண்ணு நெறச்ச சாக்குக்கு முன்னால பேப்பர் ஒட்டிச் சுடுவேன், காக்கா குருவி பக்கம் போறதே இல்ல. டிரிகர் வாங்கும்போதே கொஞ்சம் கட்டிதான், ஆனா இந்த ஆனி ஆடி மழைக்கு அப்புறம் சுத்தமா பிடிக்குது. மீன் நிறுக்கற கொக்கித் தராச கயிறுல கட்டி இழுத்துப் பாத்தேன், 3.6 கிலோ காட்டுது. அதுவும் ஒண்ணுபோல வராது, நறநறன்னு ரெண்டு மூணு எடத்துல நின்னு நின்னு வரும், எப்ப விடும்னு தெரியாது, அதுக்குள்ள கை ஆடி குண்டு வலதுபக்கம் கீழ போயிருது. வீடியோல ஒருத்தர் சியர, அதான் டிரிகர் இழுக்கற வரைக்கும் பிஸ்டன பிடிச்சு நிறுத்தற துண்ட, உரசி வெண்ணெ மாதிரி ஆக்கிட்டாரு. எங்கிட்ட சின்ன அரம் இருக்கு. செய்யலாமா? கூட்டாளி ஒருத்தன் டிரிகர் ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டி விடுன்னான்.

குழித்துறைக்காரன்:

ஸ்பிரிங்க வெட்டு மக்கா, நான் அப்படித்தான் செஞ்சேன், ஜம்முனு இருக்கு.

லேத்து மாமா, கோட்டாறு:

யாரும் எதையும் வெட்ட வேண்டாம். அந்த ஸ்பிரிங் ஒன் விரலுக்கு எடை காட்டறதுக்கு மட்டும் இல்ல, சியர திரும்பக் கொண்டுபோய் பிஸ்டன் கொக்கில உக்கார வைக்கறதும் அதுதான். அத வெட்டினா சில நாளு முழுசா உக்காராம நுனியில நிக்கும், நீ பேரல மூடற நேரம் சாடிரும். குழித்துறைக்காரருக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல, அவ்வளவுதான்.

அரம் சங்கதிக்கு வருவோம். சியர் முழுசும் கடினமான இரும்புன்னு நெனச்சுக்காத தம்பி, நெறைய துப்பாக்கில மேல ஒரு தோல் அளவுக்குத்தான் கேஸ் ஹார்டனிங் பண்ணியிருப்பான், உள்ள சாதா இரும்பு. அரத்தப் போட்டா அந்தத் தோல் போயிரும், ஒரு மாசம் வெண்ணெ மாதிரிதான் இருக்கும், பெறவு தேஞ்சு தேஞ்சு விளிம்பு உருண்டு போவும். கோணம் வேற மாறிரும். கொக்கி பிடிச்சிருக்கறது பெரிய ஸ்பிரிங்க, பத்துக்கணக்கான கிலோ அழுத்தம் அது, அந்த ரெண்டு முகமும் கம்பெனி வச்ச கோணத்துல இருந்தாதான் நிக்கும்.

மொதல்ல எது பிடிக்குதுன்னு கண்டுபிடி. காக் பண்ணாம, குண்டு போடாம, டிரிகர பைய அமுக்கு. அப்பவும் நறநறங்குதா? அப்படின்னா சியர் மேல பழிய போடாத, அங்க அப்ப பாரமே இல்லியே. அடுத்து டிரிகர் கார்டு (டிரிகர சுத்தி இருக்க வளையம்) திருக ஒரு சுத்து லூஸ் பண்ணிட்டு மறுபடி அமுக்கிப் பாரு, ஏதாவது வித்தியாசம் இருக்கான்னு வந்து சொல்லு.

மார்த்தாண்டம் மச்சான்:

மாமா சொல்றத கேளு தம்பி. நான் கேக்காம உரசினவன். நாலாவது நாளு குண்ட உள்ள வைக்கேன், பேரல இன்னொரு கையால பிடிக்கல, சியர் நழுவிருச்சு. பேரல் சாடி மேல வந்து அடிச்சதுல பெருவிரல் நகம் போச்சு, பேரலும் மேல பாத்து வளைஞ்சு போச்சு. விரல் கொஞ்சம் உள்ள இருந்திருந்தா அதுவும் போயிருக்கும். இப்பவும் மழைக்கு அந்த விரலு கடுக்கும். டிரிகர்ல கை வச்சாலும் வைக்கலனாலும், குண்டு போடும்போது ஒரு கை பேரல இறுக்கிப் பிடிச்சே இருக்கணும்.

ரப்பர்காட்டான்:

மாமா, செஞ்சு பாத்தேன். காக் பண்ணாமலே நறநறங்குது. கார்டு திருக லூஸ் பண்ணின உடனே பாதி போயிருச்சு! மரத்தக் கழத்திப் பாத்தா டிரிகர் பிளேடுக்கு வலது பக்கம் நகம் நீளத்துக்கு ஒரு பளபள கோடு, கார்டு ஓட்டைல உரசின தடம். மரம் மழைல ஊதியிருக்கு, திருகு கார்ட ஒரு பக்கமா இழுத்திருக்கு. அது மட்டும் இல்ல, டிரிகர் பின் ரெண்டும் செம்மண்ணு நிறத்துல துருப்பிடிச்சு கெடக்கு, அதச் சுத்தி அல்வா மாதிரி பழுப்பா ஒரு பிசின். அது என்னன்னு எனக்கே தெரியும், போன வருஷம் நான் விட்ட தேங்காயெண்ணெ.

லேத்து மாமா:

தேங்காயெண்ணெ தலைக்கும் அவியலுக்கும் கொள்ளாம் மக்களே, துப்பாக்கிக்கு வேண்டாம். நாள்பட்டா அழுக்கோட சேந்து பசையாகும். சிலிண்டருக்குள்ள போனா இன்னும் மோசம், பிஸ்டன் காத்த அமுக்கற சூட்டுல எண்ணெ பத்தும், டப்புனு வெடிச்சு பொகை வரும், டீசல் இஞ்சின் வேல செய்யுத மாதிரி. ஸ்பிரிங்கும் சீலும் சீக்கிரம் போவும்.

டிரிகர் பின்ன தட்டி எடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு பாத்துக்கோ. சில மாடல்ல டிரிகர் பிளாக்குதான் மெயின் ஸ்பிரிங்கயே தாங்கி நிக்கும், அந்தப் பின்ன தட்டினா மொத்தமும் மூஞ்சில வரும். ஒன் மாடலுக்கு பாகம் பாகமா பிரிச்சுக் காட்டற படம் தேடிப் பாரு. அப்படி இருந்தா ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாம தொடாத, என் கடைக்குக் கொண்டு வா. டிரிகர் பின் தனியா வரும்னா, ஒவ்வொண்ணா எடுத்து போன்ல படம் பிடிச்சு, எந்தப் பக்கம் எதுன்னு அடையாளம் வச்சுக்க. மண்ணெண்ணெயில பிரஷ் போட்டு கழுவு, நல்லா காயவிட்டு மாட்டு, ஒரு சொட்டும் சிலிண்டர் பக்கம் போவக்கூடாது. துருப்பிடிச்ச டிரிகர் பின்ன 1000 நம்பர் தண்ணித் தாள்ல (நனைச்சுத் தேய்க்கற உப்புத்தாள்), பெறவு 2000-ல சுத்திச் சுத்தித் தேய், அளவு கொறையற அளவுக்கு வேண்டாம், துரு போனா போதும். பிளேடு பக்கவாட்ட பிராஸோ போட்டுத் தேய். சியர் முகத்த மட்டும் துணியால தொடச்சிட்டு விட்டுரு. கடைசில மோலி கிரீஸ், ஸ்பேர்ஸ் கடைல சி.வி. ஜாயிண்டுக்குன்னு கேட்டா கறுப்பா தருவான், தீக்குச்சி நுனியில எடுத்து சியர் தொடற எடத்துல பூசு, அதுக்கு மேல வேண்டாம்.

திருவட்டாறு பசங்க:

மேட்ச் ரைஃபிள் எல்லாம் 100 கிராம் டிரிகர்னு சொல்றாங்களே, அந்த அளவுக்கு நம்மளும் கொண்டு வர முடியாதா?

ஆரல்வாய்மொழி காத்து:

அந்தக் கணக்கே வேற தம்பி. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டில டிரிகருக்கு கொறஞ்சபட்ச எடைனு ஒண்ணு கெடயாது, ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராம். ஆனா அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்ல தங்கம் வாங்கின மாதிரி மேட்ச் துப்பாக்கி எல்லாம் அமுக்கி வச்ச காத்துல ஓடுறது, அங்க டிரிகர் விடறது ஒரு சின்ன சுத்திய. நம்மது பெரிய பிஸ்டனையே பிடிச்சு நிக்குது. இதுல ஒண்ணரை, ரெண்டு கிலோ ஒண்ணுபோல வந்தா தாராளம். எடைய விட அந்த நின்னு நின்னு வர்றதுதான் குறிய கெடுக்கும்.

இன்னொண்ணு, ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது பின்னால தள்ளி உடனே முன்னாலயும் இழுக்கும், அதுல ஸ்டாக் (மரக்கட்டை) திருகு தானா லூஸாகும். குண்டு வலது கீழ போறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம், எல்லா திருகையும் பாரு. எங்க பக்கம் காத்து அடிக்கற அடிக்கு நான் எல்லா குத்தத்தையும் காத்து மேல போட்டுட்டு ஒரு வருஷம் ஓட்டினேன், கடைசில பாத்தா முன் திருகு.

ரப்பர்காட்டான்:

முடிச்சாச்சு. பின் நல்லவேளையா தனியாவே வந்துச்சு. கார்டு ஓட்டைல மரம் உரசற எடத்த மட்டும் கொஞ்சம் தாள் போட்டுத் தேய்ச்சு, மரத்துக்கு மெழுகு போட்டேன். பிளேடு பக்கவாட்டுல ஆடிச்சு, கூல்டிரிங்ஸ் டின்ன வெட்டி வாஷர் மாதிரி ஒண்ணு வச்சேன், ஆட்டம் நின்னுருச்சு. மாட்டி, குண்டு போட்டு, சாக்க பாத்துப் பிடிச்சுக்கிட்டு ரப்பர் சுத்தியால துப்பாக்கிக் கட்டைல பத்து தட்டு தட்டினேன், தானா வெடிக்கல. அஞ்சு வாட்டி நிறுத்தேன், 1.9, 2.0, 1.9, 1.8, 1.9. அரத்த தொடவே இல்ல. மொதல் இழுவை நீளமாத்தான் இருக்கு, ஆனா எங்க நிக்கும்னு விரலுக்குத் தெரியுது. முன் ஸ்டாக் திருகும் லூஸ்தான், அண்ணன் சொன்னது சரி. நேத்து சாயங்காலம் அஞ்சு குண்டும் அஞ்சு ரூவா காசுக்குள்ள விழுந்துச்சு.

லேத்து மாமா:

கொள்ளாம்லே. அந்த நீள இழுவைய கொறைக்கறேன்னு டிரிகர்ல இருக்க திருக முறுக்கி வச்சிராத, சியர் பிடி கொறஞ்சா மறுபடி மொதல்ல இருந்துதான். ஒரு கேள்வி, மழைல துரு எல்லாருக்கும் வரும், ஒனக்கு பின் மட்டும் இப்படி தின்னுருக்கே, துப்பாக்கிய எங்க வைக்க?

ரப்பர்காட்டான்:

ரப்பர் ஷீட் அடிக்கற கொட்டகைல மாமா. ரப்பர் பால் உறைய வைக்கற ஆசிட் கேனுக்குப் பக்கத்துல.

லேத்து மாமா:

அதான பாத்தேன். அந்த ஆவி இரும்ப விடுமா. இன்னைக்கே எடுத்து வீட்டுக்குள்ள வை, சின்னப் பிள்ளைய கைக்கு எட்டாத எடமா, பூட்டு போட்டு.

ரப்பர்காட்டான்:

பூட்டு உள்ளது பீரோ ஒண்ணுதான் மாமா. அம்மா பட்டுப்புடவ பக்கத்துல கிரீஸ் நாறும்னு எடம் தரமாட்டேங்கா. இப்போதைக்கு பழைய மெத்தை உறைல சுத்தி பரணுல ஏத்தி, பரண் கதவுக்கு பூட்டு வாங்கி மாட்டியிருக்கேன்.