எல்என்ஏ மாட்டியதும் ஏடிஎஸ்-பி ரேஞ்ச் குறைகிறது, ஏன்? (சென்னை, மாடி ஆன்டெனா)

குரோம்பேட்டை_மாடி எழுதியது:

வணக்கம். விமானங்கள் தங்கள் இடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் தாமே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சிக்னலைப் பிடித்து மேப்பில் பார்க்கிறேன். செட்டப் இது: ராஸ்பெர்ரி பை 3பி என்கிற சின்னக் கணினி, ஆர்820டி2 ட்யூனர் உள்ள ஆர்டிஎல் டாங்கிள் (யூஎஸ்பி ரேடியோ ரிசீவர்; ஆன்டெனா கேபிள் வழியாகவே கரண்ட் அனுப்பும் பயஸ் டீ உண்டு), மொட்டை மாடியில் நாலு கால் ஸ்பைடர் ஆன்டெனா, அங்கிருந்து ஹாலுக்கு 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். ரீட்எஸ்பி (டீகோடர்), டார்1090 (மேப்), கிராஃப்ஸ்1090 (புள்ளிவிவர வரைபடம்) ஓடுகின்றன. ட்யூனர் கெயின் (பெருக்கும் அளவு) 49.6 டெசிபல்.

எல்என்ஏ (சிக்னலைப் பெருக்கும் சின்னக் கருவி) இல்லாமல் 70 நாட்டிகல் மைல் வரை கிடைத்தது. 20 டெசிபல் எல்என்ஏ ஒன்றை டாங்கிளுக்கு முன்னால் மாட்டியதும் 45க்கு இறங்கிவிட்டது. அதைவிட எரிச்சல், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் மாடியில் நின்றால் கண்ணுக்கே தெரிகிறது, மேப்பில் மட்டும் கடைசி மூன்று நான்கு மைலில் காணாமல் போகிறது. இதுவும் எல்என்ஏ வந்த பிறகுதான். நாலு வீடு தள்ளி ஒரு செல்ஃபோன் டவர் இருக்கிறது. எம்லாட் (பல ரிசீவர்களைச் சேர்த்து விமானத்தின் இடத்தைக் கணிப்பது) பக்கத்தில் 'க்ளாக் அன்ஸ்டேபிள்' என்று அவ்வப்போது வேறு வருகிறது.

எல்என்ஏ போலியா? 40 டெசிபல் உள்ளதாக வாங்கிப் பார்க்கலாமா?

டெசிபல்_கணக்கு எழுதியது:

40 டெசிபல் வாங்காதீர்கள். எல்என்ஏ மேல் தப்பில்லை, மாட்டிய இடமும் கெயினும்தான் பிரச்சினை.

முதலில் கேபிள். 1090 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 மீட்டருக்கு ஏறத்தாழ 0.65 டெசிபல் தின்னும். 15 மீட்டருக்கு 10 டெசிபல், அதாவது ஆன்டெனா பிடித்த சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் ஹாலுக்கு வருகிறது. இழப்புக்குப் பிறகு எல்என்ஏ போட்டால் மிஞ்சிய சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், போனது திரும்பாது. டாங்கிளின் நாய்ஸ் ஃபிகர் (அது தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல்) 6 டெசிபல், எல்என்ஏவுடையது 1 என்று வைத்துக்கொண்டால், எல்என்ஏ இல்லாமல் கேபிளும் சேர்ந்து 16. எல்என்ஏ கீழே இருந்தால் 11. அதே எல்என்ஏவை ஆன்டெனாவின் காலடியில் வைத்தால் 2க்குச் சற்று மேல். பொருள் ஒன்றுதான், இடம் மாறினால் 9 டெசிபல் லாபம். 6 டெசிபலுக்கு ரேஞ்ச் இரட்டிப்பாகும் (அடிவானம் தடுக்கும் வரை).

இரண்டாவது ஓவர்லோட், அதாவது சிக்னல் தாங்கும் அளவை மீறித் திணறுவது. பக்கத்து விமானம் மறைவதுதான் இதற்குக் கைகண்ட அடையாளம். டாங்கிளின் ஏடிசி (சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி) 8 பிட், மிகப் பலமான சிக்னலையும் மிகப் பலவீனமானதையும் ஒருசேரப் பிடிக்க அதில் இடம் போதாது. எல்என்ஏவின் 20 டெசிபலுக்கு மேல் ட்யூனரும் 49.6ல் நின்றால், மூன்று மைலில் இறங்கும் ஏ320யின் பல்ஸ் உச்சியில் வெட்டுப்பட்டு டீகோட் ஆகாமல் போகும்.

இன்றே செய்யக்கூடியது: எல்என்ஏ இருக்கட்டும், கெயினை 49.6லிருந்து 36.4க்கு இறக்குங்கள். கிராஃப்ஸ்1090ல் மைனஸ் 3 டெசிபலுக்கு மேல், அதாவது உச்சத்தை ஒட்டி, வரும் மெசேஜ்களின் விழுக்காட்டைப் பாருங்கள். 5க்குள் இருந்தால் சரி. 10ஐத் தாண்டினால் இன்னும் ஒரு படி இறக்குங்கள்: 33.8, 32.8, 29.7. ஒவ்வொரு படியிலும் நாளின் அதே நேரத்தை ஒப்பிட வேண்டும். காலை நெரிசலையும் மதிய மந்தத்தையும் ஒப்பிட்டால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மொத்த மெசேஜைவிட ஒரு விமானத்துக்கு எத்தனை மெசேஜ் என்பது நம்பகமான அளவு. ரீட்எஸ்பியின் புதிய பதிப்புகளில் ஆட்டோ கெயின் உண்டு, அதையும் போட்டுப் பார்க்கலாம். ட்யூனரின் சொந்தத் தானியங்கிக் கெயினான ஏஜிசியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இந்த வேலைக்கு ஏஜிசி பெரும்பாலும் உதவாது.

பழைய_ஹேம் எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் நாலு வீடு தள்ளி டவர் இருக்கும்போது எல்என்ஏவை வெறுமனே மேலே ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். கேபிளின் 10 டெசிபல் இழப்பு இதுவரை டவர் சிக்னலையும் அடக்கிவைத்திருந்தது.

900 பேண்டில் டவர் அனுப்புவது 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை. 850 பேண்ட் 869லிருந்து. 1090 அங்கிருந்து வெகுதூரமில்லை. உங்கள் ஆன்டெனாவும் அவற்றைத் தாராளமாகப் பிடிக்கும். அகலப் பட்டை எல்என்ஏ என்றால் எல்லாவற்றையும் பெருக்கித் தானே திணறும். அந்தக் கட்டத்தில் ட்யூனர் கெயினைக் குறைத்துப் பயனில்லை, கெட்டது அதற்கு முன்பே கெட்டுவிட்டது.

திணறுகிறதா என்று அறிய ஒரு 6 டெசிபல் அட்டெனுவேட்டர் போதும். ஆன்டெனாவுக்கும் எல்என்ஏவுக்கும் நடுவில் போடுங்கள். சிக்னலைக் குறைத்தும் மெசேஜ் கூடினால் ஓவர்லோட்தான், சந்தேகமே வேண்டாம். டாங்கிள் பக்கம் போடாதீர்கள், பயஸ் டீ மின்சாரம் அதன் ரெசிஸ்டர் வழியாகப் பாயும்.

கூடினால், 1090 சா ஃபில்டர் (1090ஐ மட்டும் விட்டு மற்றதைத் தடுப்பது) ஒன்றை எல்என்ஏவுக்கு முன்னால் போடுங்கள். அதுவே 2 டெசிபல் போல எடுத்துக்கொள்ளும், டவர் பக்கத்தில் இருக்கிற வீட்டில் அது கொடுக்க வேண்டிய விலை. ஆன்டெனா பக்கம் இருப்பதால் பயஸ் டீ பாதையிலும் குறுக்கிடாது. பல ஃபில்டர்கள் டிசியைக் கடத்தாது, டாங்கிள் பக்கம் மாட்டினால் எல்என்ஏவுக்குக் கரண்ட் போகாது. கரண்ட் இல்லாத எல்என்ஏ சும்மா இருக்காது, சிக்னலை 20 டெசிபலுக்கு மேல் அடைத்துவிடும். 'எல்என்ஏ போட்டேன், செத்துவிட்டது' என்று வருகிற புகார்களில் இது நிறைய.

ஆன்டெனா அளவையும் சரிபாருங்கள். அலைநீளத்தில் கால் பங்கு 68.8 மில்லிமீட்டர், கம்பியின் தடிமனுக்குக் கழித்தால் 65 முதல் 67. கனெக்டரின் வெள்ளை இன்சுலேட்டருக்கு மேல் கம்பி வெளிவரும் இடத்திலிருந்து அளக்க வேண்டும், சால்டர் அடியிலிருந்து அல்ல. 5 மில்லிமீட்டர் தவறினால் ட்யூனிங் 80 மெகாஹெர்ட்ஸ் நகரும். கால்கள் 45 டிகிரி கீழ்நோக்கி இருக்கட்டும். கோஆக்ஸ் துண்டுகளை இணைத்துச் செய்யும் கோலினியருக்கு இப்போது போகாதீர்கள். அதில் ஒவ்வொரு துண்டின் நீளமும் கேபிளின் வெலாசிட்டி ஃபேக்டரை (அதில் அலை ஓடும் வேகத்தை) பொறுத்தது: ஆர்ஜி-58 என்றால் 91 மில்லிமீட்டர், ஃபோம் ஆர்ஜி-6 என்றால் 114 போல. ஒன்றின் அளவை மற்றதில் வெட்டிவிட்டு ஆன்டெனாவைத் திட்டுபவர்கள் ஏராளம்.

ரிச்சிதெரு_ரெகுலர் எழுதியது:

கேபிளை மாத்துங்க பாஸ், முதல் வேலை அதுதான். ஆர்ஜி-58ஐ கழட்டிட்டு டிடிஎச்காரங்க போடுற ஆர்ஜி-6 போடுங்க. 15 மீட்டருக்கு 3 டெசிபல்தான் போகும். 75 ஓம் ஆச்சேன்னு யாராவது பயமுறுத்துவாங்க. 50க்கும் 75க்கும் உள்ள மிஸ்மேட்ச்ல போறது 0.2 டெசிபல்கூட கிடையாது, 7 டெசிபல் லாபத்துக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. எல்எம்ஆர்-400 இன்னும் ஒரு டெசிபல் மிச்சம் பண்ணும், ஆனா விரல் தடிமன், ஜன்னல் ஓரத்துல வளைக்க முடியாது, விலையும் அப்படி. எல்என்ஏ மேல போயிடுச்சுன்னா அதுக்கு அவசியமே இல்ல.

கனெக்டர் வாங்கும்போது பாருங்க. எஸ்எம்ஏன்னு கேட்டா வைஃபைக்கு வர்ற ஆர்பி-எஸ்எம்ஏவை கொடுத்துடுவாங்க. மரை சரியா ஏறும், ஆனா நடுவுல ரெண்டு பக்கமும் ஓட்டை, நடு ஊசியே இருக்காது. வாங்குற இடத்துலயே நடுவுல பார்த்துடுங்க. எஃப் கனெக்டர்ல முறுக்கி மாட்டுற வகை வேண்டாம், கம்ப்ரஷன் வகை போடுங்க. கேபிள் டிவி கடையில டூல் இருக்கும், அவங்களே அடிச்சுக் கொடுப்பாங்க.

மேல எல்என்ஏ போற முனையில மல்டிமீட்டர் வெச்சு, நடுக் கம்பிக்கும் வெளி வலைக்கும் நடுவுல 4.5 வோல்ட் வருதான்னு பார்த்துட்டு மாட்டுங்க. பயஸ் டீ சாஃப்ட்வேர்ல ஆன் பண்ணணும், பை ரீஸ்டார்ட் ஆனா ஆஃப் ஆகிடலாம், ரீட்எஸ்பி செட்டிங்லயே போட்டு வெச்சுக்குங்க.

மழைக்கு: சாதா பிவிசி டேப் மட்டும் சுத்தினா ஏப்ரல் வெயில்ல பசை உருகி ஓடிடும், அக்டோபர்ல தண்ணி உள்ள. முதல்ல செல்ஃப் அமால்கமேட்டிங் டேப்பை இழுத்து இழுத்து கீழேருந்து மேல சுத்துங்க, அதுக்கு மேல பிவிசி டேப். எம்-சீல் போடாதீங்க, அப்புறம் கழட்ட உளி வேணும். எல்என்ஏவை சின்ன ஜங்ஷன் பாக்ஸ்ல வெச்சு அடியில ஒரு ஓட்டை போடுங்க, உள்ள வேர்க்கிற தண்ணி வெளியே போகட்டும். கேபிள் வீட்டுக்குள்ள நுழையற இடத்துல ஒரு தொங்கல் விடுங்க, இல்லன்னா மழைத் தண்ணி கேபிளைப் பிடிச்சுக்கிட்டே டாங்கிள் வரைக்கும் வந்துடும்.

தண்ணி டேங்க் பக்கத்துல ஆன்டெனா இருந்தா டேங்க்கோட தலைக்கு மேல ஏத்துங்க. பிளாஸ்டிக் டேங்க்தானேன்னு நினைக்காதீங்க, உள்ள இருக்கிற தண்ணிதான் மறைக்குது. அசோசியேஷன்ல 'டவர் வெச்சிருக்கார், ரேடியேஷன்'னு கிளம்புவாங்க. இது வாங்குற ஆன்டெனா, எதையும் அனுப்பாதுன்னு சொல்லிப் பாருங்க. நம்ப மாட்டாங்க.

குரோம்பேட்டை_மாடி எழுதியது:

நன்றி. 33.8ல் வைத்ததும் இறங்கும் விமானங்கள் திரும்ப வந்துவிட்டன, ரேஞ்ச் 80. அட்டெனுவேட்டர் போட்டால் மெசேஜ் இன்னும் கொஞ்சம் கூடுகிறது, ஆக ஃபில்டரும் ஆர்ஜி-6ம் வாங்குகிறேன். எம்லாட் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஃபோனில் ஜிபிஎஸ் உயரம் பார்த்தால் மைனஸ் 70 மீட்டர் காட்டுகிறது, அதுதான் காரணமா?

எம்லாட்_மணிக்கூண்டு எழுதியது:

உயரம் வேறு, க்ளாக் வேறு.

'க்ளாக் அன்ஸ்டேபிள்' பெரும்பாலும் பவர் சப்ளை. எம்லாட் ஒரே மெசேஜ் வெவ்வேறு ரிசீவர்களுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை மைக்ரோ செகண்டுக்கும் கீழே ஒப்பிடுகிறது. அந்த நேரத்தை டாங்கிள் அனுப்பும் சாம்பிள்களை எண்ணித்தான் கணக்கிடுகிறார்கள். யூஎஸ்பியில் சில சாம்பிள் விழுந்தால் கடிகாரம் தாவிவிடும். பை 3பிக்கு 5.1 வோல்ட் 2.5 ஆம்ப். பழைய ஃபோன் சார்ஜரும் மெல்லிய மைக்ரோ யூஎஸ்பி கேபிளும் என்றால், எல்என்ஏவுக்கும் சேர்த்து இழுக்கும்போது 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி எச்சரிக்கை வரும். பையில் விசிஜென்கமாண்ட் என்ற கட்டளையில் த்ராட்டில்ட் நிலையைக் கேளுங்கள். பூஜ்யம் வந்தால் நலம், வேறு எது வந்தாலும் முதலில் கேபிளையும் சார்ஜரையும் மாற்றுங்கள். பையை மாடிப் பெட்டியில் வைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 80 டிகிரியில் சிப் வேகத்தைக் குறைக்கும், மே மாத மூடிய பெட்டியில் அது எட்டாத சூடு அல்ல.

மைனஸ் 70 பிழை இல்லை. ஜிபிஎஸ் பூமியை ஒரு கணித எலிப்சாய்டாக (சற்றே தட்டையான உருண்டை) எடுத்து அதிலிருந்து உயரம் சொல்கிறது. உலகிலேயே பெரிய புவியீர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது, அதனால் நம் பக்கத்துக் கடல்மட்டம் அந்த எலிப்சாய்டுக்கு 80 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஐரோப்பாவில் எழுதிய உதவிக் குறிப்புகளைப் படித்தால் இது புரியாது, அங்கே எண் பிளஸ்ஸில்தான் வரும். நீங்கள் தரவு அனுப்பும் தளம் எதைக் கேட்கிறது என்று பார்த்துப் போடுங்கள், கடல்மட்டத்திலிருந்தா, எலிப்சாய்டிலிருந்தா என்று. மாற்றிப் போட்டால் 80 மீட்டர் தவறு. அட்சரேகை, தீர்க்கரேகையை ஐந்து தசமம் வரை கொடுங்கள், தெரு முனையின் குத்துமதிப்பு போதாது.

அடிவானம்_1.23 எழுதியது:

ரேஞ்ச் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். அடிக்கணக்கில் உயரத்தின் வர்க்கமூலம், விமானத்துக்கும் ஆன்டெனாவுக்கும் தனித்தனியே எடுத்துக் கூட்டி, 1.23ஆல் பெருக்கினால் நாட்டிகல் மைல். உங்கள் ஆன்டெனா 45 அடி என்றால் 36,000 அடியில் வங்கக் கடல் மேலே போகிற ஏ350க்கு 241. அதுதான் உச்சம், எந்த எல்என்ஏவும் அதைத் தாண்ட வைக்காது. 17,000 அடியில் போகும் சின்ன ஏடிஆர் விமானத்துக்கு 168தான். பெங்களூரு விமான நிலையம் 145 தொலைவில், அங்கே இறங்குபவை 12,000 அடி வாக்கில் உங்கள் மேப்பிலிருந்து மறைந்தாக வேண்டும். அது பழுது இல்லை.

சில இரவுகளில் கடல்பக்கம் 300க்கு மேல் புள்ளி விழும், காற்று அடுக்குகள் அலையை வளைப்பதால். அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டு 'என் ஆன்டெனா 320' என்று பீற்றுவது இந்தப் பொழுதுபோக்கின் தீராத வியாதி. 40 மைலுக்குள் 2,000 அடிக்குக் கீழே எத்தனை பிடிக்கிறீர்கள் என்பதுதான் தளங்களுக்கும் பயன், உங்களுக்கும் சுவாரசியம்.

இடி விஷயத்தை யாரும் தொடவில்லை. மாடிக் கம்பத்தைத் தடித்த வயரில் எர்த்தோடு சேருங்கள். கேபிளில் போடும் அரெஸ்டர் பக்கத்து மின்னலின் தூண்டலுக்கு உதவும், நேரடி இடிக்கு அல்ல. மேகம் திரண்டால் எஃப் கனெக்டரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். அதற்கு முன் பயஸ் டீயை ஆஃப் செய்துவிடுங்கள், ஈரக் கிரில்லில் நடுக் கம்பி பட்டால் டாங்கிளுக்கு ஷார்ட்.