கயிறு இழுக்கும் சாப்பர்: கயிறு பாதியில நிக்குது, வெங்காயம் கூழாகுது

அடுப்பங்கரை:
கயிறு இழுத்து நறுக்குற சாப்பர், வாங்கி நாலு மாசம் ஆகுது. இழுத்த கயிறு முழுசா உள்ள போகாம பாதியில நின்னுடுது. வெங்காயம் பொடியா வராம தண்ணி விட்டுக் கூழாகுது. தினமும் மூடியோட சேர்த்து சிங்க்ல ஊறப்போட்டுத்தான் கழுவுறேன். சரிபண்ண முடியுமா?

மரக்கரண்டி:
முடியும். மூடியை ஊறப்போடுறதுதான் வினை. அதுக்குள்ள தட்டையான ஸ்பிரிங் சுருளும் கயிறு சுத்துற சக்கரமும் இருக்கு. உள்ள போன தண்ணி சீக்கிரம் காயாது. சுருள் துருப்பிடிக்கும், ஈரக்கயிறு சக்கரத்துல ஒட்டிக்கும். மூடியைக் கவுத்து ஃபேன் காத்துல ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்க. அப்புறம் கயிறை முழுசா இழுத்து, உலர்ந்த துணியால துடைச்சு, கைப்பிடியை விட்டுடாம மெதுவா உள்ள அனுப்புங்க. பத்து தடவை இப்படிச் செய்ங்க. அப்பவும் நின்னா ஸ்பிரிங் கொக்கி விட்டிருக்கும், இல்ல துரு ஏறியிருக்கும். ஸ்க்ரூ கழட்டிப் பாக்கிறதா இருந்தா சக்கரத்தைக் கட்டைவிரலால அழுத்திக்கிட்டே திறங்க. சட்டுனு தூக்கினா சுருள் பாய்ஞ்சு கையைக் கிழிச்சிடும்.

வெங்காயம் கூழாகுறது அளவால. பெரிய வெங்காயம்னா எட்டுத் துண்டு, கிண்ணத்துல பாதிதான். நிரம்பப் போட்டா அடியில மசிஞ்சிடும், மேல முழுசா நிக்கும், அதுக்காக இன்னும் இழுப்போம். கயிறைக் குட்டி குட்டியா, விட்டு விட்டு இழுங்க, ஆம்லெட்டுக்கு ஆறேழு இழுப்பு போதும்.

சின்னவெங்காயம்:
தக்காளியை இதுல போடவே கூடாதுங்க. சாறு கத்தித் தண்டு வழியா மூடிக்குள்ள ஏறும், நாத்தம் அங்கதான் ஆரம்பிக்கும். பீன்ஸும் வேண்டாம், ஒண்ணு நீளமா ஒண்ணு தூளா வரும், பொரியலுக்கு அரிவாள்மணைதான். கேரட், வறுத்த வேர்க்கடலை, ஈரமில்லாத கொத்தமல்லிக்கு அருமையான சாமான்.

கழுவுறதுக்கு: கிண்ணத்துல கால்வாசி வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு பாத்திர லிக்விட், மெதுவா அஞ்சாறு இழுப்பு. கத்தியை மேல இருக்கிற பிளாஸ்டிக் தண்டைப் பிடிச்சுத் தூக்கணும். கத்தி தண்டுல சேருற இடுக்குல பழைய டூத்பிரஷ் விடுங்க, வெங்காயத் தோல் அங்கதான் சுத்தியிருக்கும். மூடிக்கு ஈரத்துணி மட்டும். வாடை போகலைன்னா கிண்ணத்துல ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, வெந்நீர், கால் மணி நேரம்.

அடுப்பங்கரை:
ரொம்ப நன்றிங்க. கயிறு ஓட்டைல ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விடலாமா?

மரக்கரண்டி:
விடாதீங்க. குளிர்ல உறைஞ்சு, நாளாக நாளாகப் பிசுக்காகும், கயிறு இன்னும் இறுகும். இழுக்குற திசையை மட்டும் பாருங்க. கயிறு ஓட்டைக்கு நேரா, படுக்கை வாட்டத்துல வரணும். மேல தூக்கி இழுத்தா ஓட்டை விளிம்புல உரசி நூல் பிரியும்.