எங்கள் குடும்பக் குழுவில் 73939133

மாமா: பிள்ளை, முதன்மை எண் படிக்கிறாய் என்று அம்மா சொன்னா. கொப்பியில் இதை எழுது: 73939133.

நான்: எழுதிவிட்டேன் மாமா. இது முதன்மை எண்ணா?

மாமா: ஓம், 1ஆலும் தன்னாலும் மட்டும்தான் மீதியில்லாமல் வகுபடும். இப்ப கடைசி 3ஐ அழி.

நான்: 7393913.

மாமா: அதுவும் முதன்மை எண்தான். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போ.

நான்: 739391, 73939, 7393, 739, 73, 7. எல்லாமுமா?!

மாமா: எல்லாமும். இப்படி வலப்பக்கத்தால் குறைத்துக்கொண்டு போனாலும் முதன்மையாகவே நிற்கிற எண்கள் மொத்தம் 83. அதில் ஆகப் பெரியது இது.

பெரியம்மா: தம்பி, கடையில் ஆள் இல்லை, 739ஐ கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 ஒன்றாலும் மீதியில்லாமல் போகவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும்?

மாமா: போதும் அக்கா. அடுத்தது 29. 29ஐ 29ஆல் பெருக்கினால் 841, அது 739ஐத் தாண்டிவிட்டது. 739 இரண்டு எண்களின் பெருக்கம் என்றால் அதில் ஒன்று 29ஐ விடச் சிறியதாக இருந்தே ஆக வேண்டும். சிறியதெல்லாம் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். 73939133 முழுவதையும் இப்படிப் பார்க்க 8598 வரை போக வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட முதன்மை எண்கள் வரும்.

அம்மா: பரந்தன் பக்கம் மழை இருட்டுது. கரண்ட் போக முதல் போனைச் சார்ஜில் போடு.

நான்: போட்டுவிட்டேன் அம்மா. மாமா, பின்னால் இன்னொரு இலக்கம் சேர்த்தால் என்ன?

மாமா: அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இரட்டை இலக்கம் சேர்த்தால் 2ஆல் வகுபடும், 5 சேர்த்தால் 5ஆல். மிச்சம் 1, 3, 7, 9. இப்ப 73939133இன் இலக்கங்களைக் கூட்டு.

நான்: 38. 1 சேர்த்தால் 39, 7 சேர்த்தால் 45. இரண்டும் 3ஆல் வகுபடும்!

மாமா: கெட்டிக்காரி. 3, 9 சேர்த்து வருகிற எண்களும் முதன்மை இல்லை. எட்டு இலக்கத்தில் இந்தக் குணமுள்ளவை ஐந்து, ஐந்தும் அதோடு நின்றுவிடுகின்றன. இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் முறைக்குக் காவல் இருந்த ஒரு இரவு முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எண்களுக்கு முடிவில்லை, ஆனால் இந்த வரிசைக்கு முடிவு இருக்கிறது.

நான்: இடப்பக்கத்தால் அழித்தால்?

மாமா: இதில் சரிவராது. கடைசியில் 33 வரும், அது 3இன் 11 மடங்கு. அந்தப் பக்கத்துக்கு வேறு எண் இருக்கிறது: 357686312646216567629137. 24 இலக்கம். அதற்கு மேல் அந்த வகையிலும் இல்லை.

பெரியம்மா: அம்மாடி, இதற்கு என் கல்குலேட்டரில் இடமே இல்லை.

மாமா: பிள்ளை, நீ அந்த ஐந்தில் இன்னொன்றான 23399339ஐ எடுத்து 2, 23, 233, 2339 மட்டும் கையால் பார்.

நான்: 233 வரை சரி. 2339க்கு 43 வரைக்கும் வகுத்துவிட்டேன் மாமா, 47 ஒன்றுதான் பாக்கி.