பொலேரோ பிக்கப் கொடைக்கானல் ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது, ரீமேப் பண்ணலாமா? டயர் என்ன போடலாம்?

கானாடுகாத்தான்_லோடு:

வணக்கம் அண்ணன்மாரே. நம்ம வண்டி பொலேரோ பிக்கப், பிஎஸ்6 (புது புகை விதிப்படி வந்தது), 2523 சிசி, 1.3 டன் ஏத்துற மாடல். ஆத்தங்குடி டைல்ஸ்தான் மெயின் லோடு, எப்பவாச்சும் பழைய வீட்டு நிலைக்கதவு, தேக்குத் தூணு இதெல்லாம் ஏத்துவேன். உள்ளூர்ல ஓட்டறவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. இப்ப கொடைக்கானல்ல ஒரு ரிசார்ட் வேலைக்கு டைல்ஸ் போயிட்டிருக்கு, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வரைக்கும் ஜம்முனு போகுது, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் செகண்ட் கியர்லயே முக்கிட்டு நிக்குது, பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சே உசுர வாங்குறான். ஒரு லோடுக்கு 500 சதுர அடி டைல்ஸ், இடையில வைக்கோல் வச்சு அடுக்கியிருக்கும்.

மதுரைல ஒருத்தர் ரீமேப் (இஞ்சின் கம்ப்யூட்டர்ல இருக்க புரோகிராமை மாத்துறது) பண்ணா 25 சதவீதம் பவர் ஏறும்ங்கிறார், இல்லாட்டி விலை கம்மியா, சென்சார் வயர்ல இடையில செருகுற ட்யூனிங் பாக்ஸ் மாட்டித் தர்றேங்கிறார். எதை நம்புறது? இன்னொண்ணு டயர். இப்ப 235/75 ஆர்15 ஓடுது, கம்பெனி டயர் தேய்ஞ்சிருச்சு. மச்சான் 31 இன்ச்சு அகல டயர் போடு, கிரிப்பும் வரும் பாக்கவும் கெத்தா இருக்கும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அதோட நம்ம ஊர் கண்மாய்க்கரை ரோட்ல கருவேல முள்ளு வேற பஞ்சர் பண்ணிக்கிட்டே இருக்கு. அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

தேவகோட்டை_விகிராஸ்:

பங்காளி, நான் வி-கிராஸ்ல (இசுஸு பிக்கப்) ஸ்டேஜ் 1 மேப், அதாவது வேற பார்ட்ஸ் எதையும் தொடாம ரீமேப் மட்டும், போட்டு ஓட்டிக்கிட்டிருக்கேன், எனக்கு திருப்திதான். ஸ்டாக்லயே 163 குதிரை, 360 என்எம் வர்ற வண்டி, மேப்புக்கு அப்புறம் ஓவர்டேக் பண்றப்ப மிதிச்ச உடனே பாயுது, அந்த ஆரம்ப மந்தம் போயிருச்சு. ட்யூனிங் பாக்ஸ் மட்டும் வேணாம், அது பாதிக்கு மேல, டீசல் அழுத்தத்தை அளக்குற ரெயில் பிரஷர் சென்சாரோட சிக்னலை மாத்தி இஞ்சின் கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லி டீசலை கூட அடிக்க வைக்கிற வேலைதான், பூஸ்ட்டு (டர்போ தள்ளுற காத்து), டைமிங் (டீசல் அடிக்கிற நேரம்) எதையும் சேர்த்து பார்க்காது. மேப்னா உங்க வண்டில இருக்க ஃபைலை முதல்ல படிச்சு எடுத்து பத்திரமா வச்சுக்கிட்டு அதுலதான் மாத்தணும், எவனோ நெட்ல எறக்குன ஃபைலை ஏத்துறவன்கிட்ட போகாதீங்க. வாரண்டி இருந்தா அதோட கதை முடிஞ்சுது, அதையும் சொல்லிடறேன்.

செம்மண்_மெக்கானிக்:

தம்பி, மேப்பு பாக்ஸு எல்லாம் கிடக்கட்டும். 500 சதுர அடின்னு போட்டிருக்கீங்களே, அதை யாராச்சும் கணக்கு போட்டீங்களா? ஆத்தங்குடி டைல்ஸு சூளைல சுட்ட ஓடு இல்ல, கண்ணாடி மேல சாயத்தை ஊத்தி சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி தண்ணில ஊறப்போட்ட சாமான். முக்கா இன்ச்சு கனம்னு வச்சாலே சதுர அடிக்கு நாலு கிலோ கிட்ட வரும். 500 சதுர அடின்னா ரெண்டு டன்னு! 1.3 டன் வண்டில. ஈரம் காயாத டைல்ஸா இருந்தா இன்னும் கூட. 75 குதிரை இஞ்சின் அதையும் இழுத்துக்கிட்டு 2000 மீட்டருக்கு மேல இருக்க ஊருக்கு ஏறுதுன்னா அதுக்கு நீங்க சூடம்தான் காட்டணும்.

தேவகோட்டை தம்பி சொன்னது அவர் வண்டிக்கு சரி, நான் மறுக்கல. அவருக்கு பின்னாடி ஒரு கூடாரமும் ரெண்டு பையும்தான் இருக்கும், ஓவர்டேக்ல ஒரு நாலஞ்சு செகண்ட் ஃபுல் மிதி மிதிப்பார், அப்புறம் காலை எடுத்துருவார். லோடு வண்டி அப்படியா? மலைல முக்கா மணி நேரம் காலை எடுக்காம மிதிக்கிறது. மேப்ல டீசல் கூட ஊத்த ஊத்த சைலன்சர் பக்கம் போற புகையோட சூடு ஏறும், அந்த சூட்டை ஒரு நிமிசம் தாங்குற டர்போவும் பிஸ்டனும் மணிக்கணக்கா தாங்கும்னு எவனும் எழுதி குடுக்க மாட்டான். முதல்ல கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும், தீய்ஞ்ச வாடை வரும், அதான் அறிகுறி. அப்புறம் ஒண்ணு, ஏறுறதுக்கு மேப் போடுவீங்க, இறங்குறதுக்கு என்ன போடுவீங்க? பிரேக் அதே பிரேக்குதான். டைல்ஸை இறக்கிட்டு காலியா வர்றீங்க சரி, ஒரு நாள் ரிட்டர்ன் லோடு கிடைச்சா?

இதெல்லாம் இருக்கட்டும், லோடை குறைச்சும் இழுவை கம்மியா இருந்தா இதைப் பாருங்க. ஏர் ஃபில்டரை கழட்டி தரைல தட்டுங்க, நம்ம பக்கத்து செம்மண் புழுதில ஓடுற வண்டிக்கு புக்குல போட்டிருக்க கிலோமீட்டர் வரைக்கும் ஃபில்டர் தாங்காது, சுத்தமா செவந்து போயி களிமண்ணு மாதிரி கட்டியிருக்கும். டர்போல இருந்து காத்தை ஆற வைக்கிற இன்டர்கூலருக்கு போற ஹோஸை கையால தடவிப் பாருங்க, கிளிப்பு இருக்க எடத்துல லேசா ஆயில் பிசுக்கு இருக்கறது சகஜம், ஆனா வெளிய வழிஞ்சு புழுதி அப்பியிருந்தா அங்க காத்து லீக். லோடுல மிதிக்கிறப்ப உஸ்ஸுன்னு சத்தம் வந்தா சந்தேகமே வேணாம். டீசல் ஃபில்டர்ல தண்ணிய வடிச்சு விடுங்க. ஈஜிஆர்ல (புகைல கொஞ்சத்தை திரும்ப இஞ்சினுக்கே அனுப்புற வால்வு) கரி அடைச்சிருக்கான்னு ஸ்கேனர் போட்டு பார்க்கச் சொல்லுங்க, அடைச்சிருந்தா கிளீன் பண்ணுங்க, அதை மூடி வச்சிடலாம்னு சொல்றவன் கடைக்கு போகாதீங்க, பிஎஸ்6ல அது கோளாறு விளக்கை எரிய விட்டுரும், புகை சர்டிபிகேட்டுக்கும் இடைஞ்சல். கடைசியா ஜாக்கில தூக்கி நாலு சக்கரத்தையும் கையால சுத்துங்க, பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுற வண்டிய எத்தனையோ பேர் இஞ்சின் கோளாறுன்னு கொண்டு வர்றாங்க.

ரப்பர்_ராசா:

டயர் கடைக்காரன் பேசுறேன். மச்சானை கொஞ்சம் ஓரமா உக்காரச் சொல்லுங்க. 235/75 ஆர்15 டயரோட உயரம் 733 மில்லி, 31 இன்ச்சுன்னா 787. ஏழு சதவீதத்துக்கு மேல பெருசு. மீட்டர் 80 காட்டுறப்ப வண்டி 86ல போகும், அது கூட பரவால்ல, சக்கரம் பெருசாக ஆக கியர் ரேஷியோ உயரமான மாதிரிதான் ஆகும், அந்த அளவுக்கு இழுவை போயிரும். ஏற்கனவே ஏறல ஏறலன்னு அழுகுற வண்டிக்கு இதை போட்டா செகண்டுல ஏறுற எடத்துல ஃபர்ஸ்ட் போடணும். ஒரு பக்கம் காசு குடுத்து மேப் போட்டு பவர் ஏத்திட்டு இன்னொரு பக்கம் காசு குடுத்து அதை டயர்ல தொலைக்கிற கதை. அதோட இது லோடு வண்டி, டயர் சைஸும் பிளை ரேட்டிங்கும் பதிவு விவரத்துலயே வரும், எஃப்சில (தகுதிச் சான்று சோதனை) நிப்பாட்டுவாங்க. வண்டி சட்டம் 52ம் பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு இருக்கு, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிருச்சு.

அகலத்தை விட்டுட்டு லோடு இண்டெக்ஸை பாருங்க. டயர் பக்கவாட்டுல சைஸுக்கு அடுத்து ஒரு நம்பரும் எழுத்தும் இருக்கும். 105னா ஒரு டயர் 925 கிலோ தாங்கும், 109னா 1030 கிலோ. 235/75 ஆர்15லயே ரெண்டும் உண்டு, கடைல கேக்காம விட்டா கையில இருக்கறதை மாட்டி அனுப்பிருவாங்க. கம்பெனி போட்ட நம்பருக்கு கீழ எறங்கவே கூடாது, மேல போகலாம். மேல போனா லோடு கூட ஏத்தலாம்னு அர்த்தம் இல்ல, ஆக்சிலும் பிரேக்கும் பழசேதான். 8 பிளை, 12 பிளைங்கிறதும் உள்ள அத்தனை அடுக்கு இருக்குன்னு நினைச்சுக்காதீங்க, இப்ப அது பலத்துக்கு குறிக்கிற கணக்குதான். அப்புறம் டாட்னு ஆரம்பிக்கிற வரில கடைசி நாலு நம்பர், 3524னு இருந்தா 2024ம் வருசம் 35வது வாரம் செஞ்சது. புதுசுன்னு சொல்லி மூணு வருசம் குடோன்ல கிடந்ததை தள்ளி விடுறவங்க இருக்காங்க, குனிஞ்சு பாக்க கூச்சப்படாதீங்க.

பேட்டர்னுக்கு வருவோம். உங்க ஓட்டம் முக்காவாசி தார் ரோடு, அதனால முன்னாடி நேர்கோடு போட்ட ஹெச்டி (ஹைவே டெரெய்ன், தார் ரோட்டுக்கானது) டயர். பின்னாடி ஏடி (ஆல் டெரெய்ன், தார்லயும் மண்ணுலயும் ஓடுறது) போடலாம், மழைக்காலத்துல ஆத்தங்குடி பட்டறை சந்துலயும் கண்மாய் களிலயும் மாட்டாம வெளிய வரும். ஆனா சத்தம் வரும், மைலேஜ் கொஞ்சம் அடிக்கும், நனைஞ்ச தார்ல பிரேக் தூரமும் கூடலாம். நீங்க ரெண்டு சக்கர டிரைவ்ங்கிறதால முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு ஓடலாம், ஒரே ஆக்சில்ல ரெண்டு பக்கமும் ஒரே டயரா இருக்கணும், அவ்வளவுதான். வி-கிராஸ் மாதிரி ஃபோர் பை ஃபோர் வச்சிருக்கவங்க நாலும் ஒரே சைஸ், ஒரே பேட்டர்ன், ஒரே தேய்மானமா வச்சுக்கங்க, இல்லன்னா ஃபோர் போட்டு ஓட்டுறப்ப கியர்பாக்ஸ் பக்கம் முறுக்கிக்கிட்டு தேயும்.

காத்து எப்பவும் வண்டி ஓடாம ஆறி இருக்கப்ப பாருங்க. லோடுக்கு எவ்வளவு, காலிக்கு எவ்வளவுன்னு ஓனர் புக்குலயும் டிரைவர் டோர் பக்கத்து ஸ்டிக்கர்லயும் இருக்கும். சித்திரை வெயில்ல திண்டுக்கல் வரைக்கும் ஓடிட்டு பங்க்ல பிடிச்சா நாலஞ்சு பிஎஸ்ஐ கூட காட்டும், அதைப் பார்த்துட்டு காத்தை இறக்கினா போச்சு, டயர் இன்னும் நெளிஞ்சு இன்னும் சூடாகும். வெடிக்கிற டயர்ல நிறைய காத்து கம்மியா ஓடுனதாத்தான் இருக்கும்.

சிராவயல்_காளை:

மஞ்சுவிரட்டுக்கு மாடு ஏத்திட்டு போற பிக்கப் நம்மளது, அந்த லோடு நின்னுக்கிட்டே ஆடும், டைல்ஸ் எவ்வளவோ மேல் 😄 எனக்கு உதவுனது டயர் பிராண்டு இல்ல, பின்னாடி காத்தை சரியா வச்சதுதான், வளைவுல ஆட்டம் பாதி குறைஞ்சுது.

கானாடுகாத்தான்_லோடு:

எல்லாருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணே, கணக்கை பார்த்துட்டு பக்குனு ஆயிருச்சு. ஆனா நீங்களே சொல்லுங்க, 300 சதுர அடி ஏத்துனா வாடகை கட்டுப்படி ஆகாது, அவங்க சதுர அடிக்குத்தான் ரேட் பேசியிருக்காங்க. பின்னாடி ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை கூட சேர்த்தா தாங்கும்னு பட்டறைல சொல்றாங்களே?

செம்மண்_மெக்கானிக்:

பட்டை சேர்த்தா வண்டி குனியாது, அதுதான் நடக்கும். குனியாததால லோடு கம்மியா இருக்குன்னு உங்க கண்ணுக்கு தோணும், எடை அப்படியேதான் இருக்கும், அதை சேசிஸும் ஹப் பேரிங்கும் சுமக்கும். காலியா வர்றப்ப வண்டி குதிச்சு குதிச்சு டயரை திட்டு திட்டா தின்னும்.

ஒரு தடவை லோடோட எடை மேடைல ஏத்துங்க, ஆர்சில இருக்க மொத்த எடையோட ஒப்பிட்டு பாருங்க. ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதலா இருக்க ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, கூடுதல் சரக்கை எறக்கி வச்சுட்டுத்தான் போகச் சொல்லலாம். வத்தலக்குண்டு ரோட்டோரத்துல டைல்ஸை எறக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? ஆக்சிடெண்டு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல தேடுறதும் இதைத்தான். ரேட்டை திரும்ப பேசுங்க, நடைக்கு இவ்வளவுன்னு. இல்லாட்டி வத்தலக்குண்டு வரைக்கும் பெரிய வண்டில மொத்தமா போட்டுட்டு மேல மட்டும் உங்க வண்டில ரெண்டு நடை அடிங்க, ஏத்தி எறக்குறதுல உடையுறதை மட்டும் கணக்குல சேர்த்துக்கங்க.

தேவகோட்டை_விகிராஸ்:

மெக்கானிக் அண்ணன் சொன்னதுல லோடு வண்டி பாயிண்டு சரிதான், 300 சதுர அடி ஏத்தி ஃபில்டர் எல்லாம் மாத்தினதுக்கு அப்புறமும் பத்தலன்னா அப்ப மேப்பை பத்தி பேசலாம் பங்காளி. இல்ல இந்த ரிசார்ட் வேலை ரொம்ப நாள் ஓடும்னா 1.7 டன் வண்டிக்கு மாறுறது மேப் செலவை விட உருப்படி.

ரப்பர்_ராசா:

முள்ளு மேட்டரை யாரும் தொடல. சீமைக்கருவேல முள்ளு ட்ரெட்ல (ரோட்டுல படுற பட்டை) ஏறுனா டியூப்லெஸ்ல உடனே காத்து போகாது, முள்ளு உள்ளேயே ஒடிஞ்சு நின்னு ரெண்டு மூணு நாள் கழிச்சு காலைல பார்த்தா உக்காந்திருக்கும். அதனால கண்மாய்க்கரைல போயிட்டு வந்த அன்னிக்கு ராத்திரியே டார்ச் அடிச்சு ஒரு சுத்து பாருங்க, கருப்பா ஒரு புள்ளி தெரியும், கொறடால மெதுவா இழுத்துட்டு அந்த எடத்துல எச்சி தொட்டு வைங்க, குமிழி வந்தா பஞ்சர், வராட்டி போய் படுங்க. ட்ரெட்ல இருந்தா பிளக் இல்ல உள்பேட்ச் போட்டுக்கலாம். பக்கவாட்டு சுவர்ல குத்தி காத்து போச்சுன்னா அந்த டயரை லோடுக்கு போடாதீங்க, எவ்வளவு நல்லா பேட்ச் போட்டாலும் அந்த எடம் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி விரியும். ஸ்டெப்னிக்கு கூட வேணாம். சீலண்ட் ஊத்தலாம், சின்ன முள்ளுக்கு கேக்கும், ஆனா பஞ்சர் கடைக்காரன்கிட்ட ஊத்தியிருக்கேன்னு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா டயரை கழட்டுனதும் அவர் சட்டையெல்லாம் பச்சையாகி உங்களைத்தான் திட்டுவார். காரைக்குடி பக்கம் வந்தா பழைய டயரை ஒரு தடவை எடுத்துட்டு வாங்க, உள்பக்கம் தேய்ஞ்சிருக்கா வெளிப்பக்கமா நடுவுலயான்னு பார்த்து அலைன்மெண்ட் கோளாறா காத்து கோளாறான்னு சொல்லிடறேன், அதுக்கு அப்புறம் புதுசு வாங்குங்க.