விளம்பரம் வீட்டுக்குள்ள வருது, கடை நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

டெல்டாக்காரி

சாயங்கால சீரியல் நடுவுல வருமே அந்தக் காது மிஷின் விளம்பரம், எல்லாரும் பார்த்திருப்பீங்க. தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கே வந்து இலவசமா டெஸ்ட் பண்ணுவோம்னு சொல்லி, கீழே ஒரு நம்பர் ஓடும். எங்க அப்பாவுக்கு 78 வயசு. சத்தம் கேக்கலைன்னாலும் எழுத்து நல்லாத் தெரியும். அந்த நம்பரை அவரே தினசரி காலண்டர் அட்டையில எழுதி வச்சிருந்தார். ஒரே தடவைல முழு நம்பரும் ஓடிடும்ல, அதனால ரெண்டு நாள் உக்காந்து பார்த்து எழுதியிருக்கார்.

நான் போன் பண்ணேன். அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் பேசுச்சு. பேர், வயசு, பின்கோடு எல்லாம் கேட்டுக்கிட்டு, "செவ்வாய்க்கிழமை ஆள் வருவாங்க மேடம்"னு சொன்னுச்சு. நாங்க இருக்கிறது திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். ஊர் பேரை ரெண்டு தடவை சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா காலைலயே ஷேவ் பண்ணிக்கிட்டு, கல்யாணத்துக்குப் போடுற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, ஒம்பது மணிக்கெல்லாம் திண்ணையில வந்து உக்காந்துட்டார். அவருக்கு பைக் சத்தம் கேக்காது. அதனால கண்ணை வாசப்படலை விட்டு எடுக்கவே இல்லை. சாப்பாடு கொண்டுபோய் வச்சேன், தெருவைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டார். மூணு மணிக்கு நானே திரும்பப் போன் போட்டேன். "உங்க பின்கோடு எங்க சர்வீஸ் ஏரியால இல்லை மேடம், திருச்சி கிளைக்கு வந்துடுங்க."

திருச்சி எங்களுக்கு மன்னார்குடி, தஞ்சாவூர்னு பஸ் மாறி மாறிப் போகணும். சரி, அது வேற விஷயம். இதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? மெதுவாச் சொன்னா கேக்காது. திண்ணையில அவர் காதுகிட்ட வாயை வச்சு, "நம்ம ஊருக்கு வர மாட்டாங்களாம்ப்பா"ன்னு கத்தினேன். தெருவுக்கே கேட்டுச்சு. எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாங்க. அப்பா தலையை ஆட்டிட்டு உள்ள போய் சட்டையைக் கழட்டி மடிச்சு வச்சார்.

அன்னைக்கு ராத்திரியும் அதே விளம்பரம் வந்தது. எனக்கு அந்தத் திண்ணைதான் மறக்க மாட்டேங்குது. இந்த மாதிரி வேற யாருக்காவது ஆகியிருக்கா?

கருவேலங்காடு

எனக்கு டிவி இல்லை, போன்லயே நடந்தது. வாஷிங் மிஷின் ரிப்பேர். சர்வீஸ் சென்டர்னு தேடினா கம்பெனி பேர், பக்கத்துல அருப்புக்கோட்டைன்னு ஊர் பேர், 4.8 ஸ்டார். விசிட்டிங் சார்ஜ் 350 ரூபாய் முன்னாடியே போடச் சொன்னாங்க, போட்டேன். ரெண்டு நாள் ஆள் வரலை. மேப்பைப் போட்டுக்கிட்டு நேர்லயே போனேன். "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது"ன்னு போன் சொல்ற இடத்துல கண்மாய்க்கரை, சீமைக்கருவேல முள்ளு, ரெண்டு வெள்ளாடு. கடைன்னு சொல்ல ஒரு தகரக்கொட்டாய்கூட இல்லை. அங்க நின்னே போன் பண்ணேன், அந்தப் பக்கம் ஒருத்தர் எடுத்து "சார், நாங்க சென்னைல இருந்து பேசுறோம்"னார். ஊர் பேரை மட்டும் எடுத்துக்கிட்டிருக்காங்க.

சுவர் விளம்பரம் 1988

முதல்ல எழுதின தங்கச்சிக்கு நடந்தது அநியாயம். அதுல மாத்துக் கருத்து இல்லை. ஆனா கடை இல்லாத ஊர்ல விளம்பரம் பண்றதே தப்புங்கிற மாதிரி தலைப்பு போட்டிருக்கீங்க, அதை ஒத்துக்க மாட்டேன். முப்பது வருசம் அந்தத் தொழில்லதான் சோறு தின்னேன்.

திருநெல்வேலி டவுன்ல ஒரு ஜவுளிக்கடை. அந்தக் கடைக்காக நான் கோவில்பட்டி, சங்கரன்கோவில், தென்காசி, நாங்குநேரின்னு சுத்தி எழுதியிருக்கேன். அந்த ஊர்ல எதுலயும் அவங்களுக்குக் கிளை கிடையாது. முதலாளி சொல்வார்: "கடை இருக்கிற தெருவுல எழுதி என்னத்துக்கு? அதான் கடையே நிக்கே. முகூர்த்தப் பட்டு எடுக்க எந்த ஊர்ல இருந்து பஸ் ஏறுதானோ அந்த ஊர்ல எழுது." அது சரிதான. சுத்துப்பட்டு ஊர்க்காரன் காசுலதான் டவுன் கடை ஓடும். சுவத்துக்காரருக்கு வெள்ளையடிச்சது மிச்சம், எனக்குச் சதுர அடிக்குக் கூலி. சுண்ணாம்பு ரெண்டு கோட்டு அடிச்சு, காஞ்சதும் நூல் அடிச்சுக் கோடு போட்டு, கடைப் பேரை நீலத்துல எழுதுவோம். அதுக்குக் கீழே ஒரு அடி உயரச் சிவப்பு எழுத்துல "திருநெல்வேலி டவுன்". அந்த ஊர் பேர் இல்லாம ஒரு சுவரும் முடிஞ்சதில்லை. படிக்கிறவனுக்கு எங்க போகணும்னு தெரியணும்லா.

எனக்கு உறுத்துறது வேற ஒரு நாள். மதுரைக் கடை ஒண்ணுக்கு எழுத வந்தேன். அவங்க மேனேஜர் சீட்டுல எழுதிக் கொடுத்ததுல மதுரைங்கிற வார்த்தையே இல்லை. "உங்கள் ஊரில், உங்கள் கடை", அவ்வளவுதான். நான் கேட்டேன், "எடம் எழுதலையா?"ன்னு. "போன் நம்பர் போதும்"னுட்டார். கூலிக்காரன், எழுதினேன். சங்கரன்கோவில் ரோட்டுல ஒரு சுவர். "ஊரில்"ங்கிறதுல கடைசிப் புள்ளி வைக்கும்போது, பேரப்பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு பாட்டி வந்து நின்னு, "கடை எங்கய்யா வருது?"ன்னு கேட்டா. மதுரைலன்னேன். "பெறகு ஏன் நம்ம ஊருன்னு எழுதுத?" பிரஷ்ல இருந்து பெயின்ட் என் கால்ல சொட்டுது, எனக்கு வாயில பதில் வரலை. அந்தச் சுவரைத் தாண்டி பஸ்ல போகும்போது இன்னைக்கும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். மழையில எப்பவோ அழிஞ்சு போச்சு, ஆனாலும்.

அதனால சொல்றேன், வெளியூர்ல விளம்பரம் பண்றது தப்பில்லை. எந்த ஊர்க் கடைன்னு சொல்லாம விடுறதுதான் தப்பு.

வால்பாறை டீ

சுவர் விளம்பரம் ஐயா, ஊர் பேர் போட்டாலும் எங்களுக்கு ஒண்ணும் மாறலை. நிமிசக் கணக்குல டெலிவரின்னு தினம் பத்து தடவை போன்ல வருது. ஆழியார்ல இருந்து எங்க ஊருக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவு. என் பையனுக்கு எட்டு வயசு. ஐஸ்கிரீம், சாக்லேட் எல்லாம் கூடையில போட்டுட்டு, முகவரி கேக்கிற பக்கம் வந்ததும் போனைக் கொண்டாந்து நீட்டுவான். "இந்தப் பகுதிக்குச் சேவை இல்லை"ன்னு வரும். மறுநாள் மறுபடி போடுவான், இன்னைக்கு வந்துடுமோன்னு. அவன் கூடையை ஒண்ணு ஒண்ணா நான் காலி பண்றதைப் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருப்பான்.

கோவை விளம்பர ஆபீஸ்

அந்தப் பக்கம் உக்காந்து வேலை பார்க்கிறவன்கிறதால இதைச் சொல்லியே ஆகணும்னு தோணுது.

காந்திபுரத்துல ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு கூகுள் விளம்பரம் நான்தான் பார்த்துக்கிட்டேன். அதுல தேடுறவர் எந்த ஊர்ல இருக்காரோ அந்த ஊர் பேரைத் தலைப்புல தானா சேர்த்துக்கிற வசதி ஒண்ணு இருக்கு. ஒரே விளம்பரம், பொள்ளாச்சிக்காரருக்குப் பொள்ளாச்சின்னும் உடுமலைக்காரருக்கு உடுமலைன்னும் காட்டும். கிளிக் கூடுதலா வரும்னு போட்டுவிட்டேன். சுத்தியிருக்கிற ஊர்களையும் சேர்த்திருந்தேன், அங்க இருந்து நோயாளிங்க வர்றாங்கன்னு டாக்டர் சொன்னதால. ஊர் தேர்வு செய்யிற இடத்துலயும், நாம எதையும் மாத்தாம விட்டா, அந்த ஊர்ல இருக்கிறவங்களோட சேர்த்து அந்த ஊர் மேல ஆர்வம் காட்டினவங்களுக்கும் விளம்பரம் போகும். நிறைய பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கிறதில்லை.

ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரி போனை எடுக்க ஆள் இல்லாம எனக்குத் திருப்பி விட்டிருந்தாங்க. ஒருத்தர் கூப்பிட்டார். "சார், தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?" பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு அழுகிற சத்தம். பல்வலி. பக்கத்துக் கிராமத்துல இருந்து வந்திருக்கார். அவர் போன்ல தாராபுரம் பல் ஆஸ்பத்திரின்னு காட்டியிருக்கு, நான் போட்ட விளம்பரம். கோயம்புத்தூர் அங்க இருந்து 80 கிலோமீட்டர். "இங்க இல்லைங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். கோபப்படலை. அந்தப் பொண்ணு அழுகிறதுதான் கேட்டுக்கிட்டே இருந்தது. தாராபுரத்துலயே வேற டாக்டர் நம்பரைத் தேடிக் கொடுத்தேன், அந்த ராத்திரியே அந்த வசதியை எல்லாக் கணக்குலயும் எடுத்துட்டேன். தப்பு என்னோடது, நான்தான் அதைப் போட்டேன்.

யாழ் வடமராட்சி

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறதால கதை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். எங்கட வீட்டில டிஷ் பூட்டின நாளில இருந்து தமிழ்நாட்டுச் சேனல்தான். தி.நகர் கடையள் எல்லாத்தின்ர பேரும் எங்களுக்குப் பாடம். ஆடி மாசம் எண்டால் எங்களுக்கு ஆடிக்கூழும் கொழுக்கட்டையும். டீவீல பாத்தா ஆடித் தள்ளுபடி. அம்மா அந்தச் சீலை விளம்பரம் வந்தால் கையில இருக்கிற வேலையை விட்டிட்டு வந்து நிண்டு பாப்பா. ஒரு மயில்பச்சைச் சீலை, அரக்குக் கரை. "அது என்ன விலை வரும் பிள்ளை?" எண்டு கேப்பா. கடை கடலுக்கு அங்கால.

2022 டிசம்பரில பலாலியில இருந்து சென்னைக்குத் திரும்ப விமானம் ஓடத் தொடங்கினது. அடுத்த வருசம் மகளின்ர கலியாணத்துக்குச் சீலை எடுக்கப் போனனான். அம்மா அதுக்கு முதலே போயிட்டா. அந்தக் கடைக்குள்ள நிண்டு, விற்கிற தம்பியிட்ட மயில்பச்சை, அரக்குக் கரை எண்டு சொன்னன். "அக்கா எந்த ஊர்?" எண்டு கேட்டார். யாழ்ப்பாணம் எண்டன். "அங்க எங்க விளம்பரம் வருமா?" எண்டு ஆச்சரியப்பட்டார். அவைக்கு நாங்கள் பாக்கிறது தெரியவே தெரியாது. இருவது வருசம் என்ர அம்மா பாத்துக்கொண்டு நிண்டவ.

எங்களை ஒருத்தரும் ஏமாத்தேல்லை. எங்களுக்குச் சொல்லவும் இல்லை. சீலையை வாங்கிக்கொண்டு வந்தனான், இன்னும் மடிப்புக் கலைக்கேல்லை.

ரிட்டயர்டு கிளார்க்

எனக்கு இன்வெர்ட்டர் பேட்டரியில இதே மாதிரி நடந்தது. விளம்பரத்துல மாவட்டம் முழுக்க சர்வீஸ்னான், வந்து பார்க்க ஆள் இல்லை. அது போகட்டும். இங்க எல்லாரும் வருத்தப்பட்டு எழுதுறீங்களே தவிர யாரும் புகார் கொடுத்த மாதிரி தெரியலை. அதனால சொல்றேன், பொறுமையாப் படிங்க.

முதல்ல 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். பேசுறதுக்கு முன்னாடி எந்தச் சேனல், எந்தத் தேதி, எத்தனை மணி, விளம்பரத்துல சொன்ன வாசகம் என்ன, இதையெல்லாம் எழுதி வச்சுக்குங்க. விளம்பரம் ஓடும்போது போன்ல வீடியோ எடுத்துக்குங்க. நீங்க கால் பண்ண நேரம் போன்லயே இருக்கும், அதை அழிக்காதீங்க.

ரெண்டாவது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். டெல்டாக்காரி அம்மா காசு எதுவும் கட்டலை, அதனால மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல வழக்குப் போடுறது சிரமம். ஆனா தவறான விளம்பரம்னு புகார் கொடுக்கக் காசு கட்டியிருக்கணும்னு இல்லை. 17வது பிரிவுப்படி மாவட்ட கலெக்டருக்கே எழுதிக் கொடுக்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரிச்சு 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம், திரும்பத் திரும்பச் செஞ்சா 50 லட்சம். 2022 ஜூன்ல அவங்க வெளியிட்ட விதிகள்ல, பொருளோ சேவையோ சில இடங்கள்ல மட்டும்தான் கிடைக்கும்னா அதை விளம்பரத்துல மறைக்கக் கூடாதுன்னு இருக்கு. உங்க விஷயத்துக்கும் பொருந்தும்னு தோணுது.

மூணாவது, கருவேலங்காடு தம்பி. நீங்க 350 கட்டியிருக்கீங்க. கம்பெனி சென்னைல இருக்கட்டும், டெல்லில இருக்கட்டும், நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், 34வது பிரிவு. நீங்க கொடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா வழக்குக் கட்டணம் கிடையாது. ஆன்லைன்லயும் போடலாம். மேப்புல இருக்கிற அந்தப் பொய் முகவரியையும் நீக்கச் சொல்லிப் புகார் கொடுங்க, இல்லைன்னா அடுத்தவர் வந்து அதே முள்ளுக்காட்டுல நிப்பார். இனிமே ரிப்பேர்னா வாரன்டி கார்டுல இருக்கிற நம்பருக்கு மட்டும் பேசுங்க.

கருவேலங்காடு

ஐயா, 350 ரூபாய்க்காக மாவட்ட ஆணையத்துக்கு எத்தனை தடவை அலையிறது? நான் கொத்தனார் வேலைக்குப் போறவன், ஒரு நாள் போச்சுன்னா அதைவிடக் கூட போகும். ஆனா மேப் புகார் மட்டும் இப்பவே கொடுத்துட்டேன். போட்டோவும் சேர்த்திருக்கேன், ஆட்டோட.

டெல்டாக்காரி

எல்லாருக்கும் நன்றி. கிளார்க் ஐயா, நான் புகார் பத்திக் கேக்கலை, மனசு பொறுக்காம எழுதினேன். ஆனா 1915க்குப் போன் பண்ணிட்டேன், பதிவு பண்ணி நம்பர் கொடுத்திருக்காங்க.

அப்பாவைத் திங்கக்கிழமை திருவாரூர் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க காது டெஸ்ட் பண்ற ரூம்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா, காதுல பெரிய ஹெட்போன். சத்தம் கேட்டா கையைத் தூக்கணும். ரொம்ப நேரம் தூக்கவே இல்லை, அப்புறம் ஒரு தடவை தூக்கினார், என்னைப் பார்த்தார். மிஷினுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க, இன்னும் ரெண்டு தடவை போகணும்.

போறதுக்கும் அதே வெள்ளைச் சட்டைதான் போட்டுக்கிட்டார். காலண்டர் அட்டையில அந்த நம்பர் இன்னும் இருக்கு. அடிச்சுடவாப்பான்னு கைஜாடையில கேட்டேன். இருக்கட்டும்னுட்டார்.