புதுப்பிப்பு: பால் காளான் அறைக் காற்றோட்டம் சரியாகிவிட்டது

திருமங்கலம் பக்கம், வீட்டுப் பின்அறையில் (10க்கு 12 அடி, உயரம் 9) பால் காளான் போட்டிருக்கிறேன். காம்பு மட்டும் நீண்டுகொண்டே போகிறது, குடை விரியவே மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரணம், உள்ளே தேங்கிய கரியமில வாயு. மேலூர் அண்ணன் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது: ஒரு சுவரின் உச்சியில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ச்சுவரில் தரையை ஒட்டிக் காற்று நுழையத் துவாரம். வர வழி விடாமல் ஃபேன் மட்டும் மாட்டினால் பயனே இல்லை என்று அவர் அழுத்திச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அறை 1080 கன அடி; ஃபேன் டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி ஐந்து நிமிடத்தில் மொத்தக் காற்றும் மாறிவிடும். டைமர் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடுகிறது. அடுத்த அறுவடையிலேயே காம்பு குட்டையாக, தடியாக, குடை உள்ளங்கை அகலத்துக்கு வந்தது.

எதிர்பாராதது ஈரப்பதம். ஃபேன் ஓட ஓட 85 சதவீதம் 60க்கு இறங்கி, கேசிங் மண் (காளான் படுக்கையின் மேல் பரப்பும் மண்) வெளுத்து வெடித்தது. மொட்டுகள் மஞ்சளாகிச் சுருங்கின. தேனி அக்கா சொன்னபடி துவாரத்தின் முன்னால் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, அதன் தலையில் சொட்டுநீர்க் குழாய் போட்டதும் 80க்கு மேல் நிற்கிறது. வரும் காற்றும் குளிர்கிறது. பால் காளான் 35 டிகிரி வரை தாங்கும், ஆனால் சித்திரை மதியம் மதுரையில் அதைத் தாண்டிவிடுமே!

சாக்கை அடிக்கடி மாற்றுங்கள், பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். துவாரத்துக்குக் கொசுவலை போதாது, காளான் ஈ புகுந்துவிடும். அதைவிட நெருக்கமான நைலான் வலை கட்டுங்கள்.