செல்வி கடைப் பலகையில் என்ன எழுதலாம்? ஒரு குடும்பக் குழு உரையாடல்

சனிக்கிழமை, காலை 10:12

செல்வி: எல்லோரும் பசியாறி விட்டீர்களா? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் பூக்கடைக்குப் புதுப் பலகை அடிக்கக் கொடுக்கிறேன். "பூ மனச்சோர்வைத் தீர்க்கும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்" என்று போடலாம் என்கிறார் அச்சகத்து அண்ணன். போடலாமா?

ராணி சித்தி: வேண்டாம் செல்வி. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு? பூ மருந்து இல்லை. ஆனால் பூ வந்து சேர்ந்த கட்டிலில் முகம் மாறுவதை மருத்துவமனை வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த அளவோடு சொன்னால் போதும், அதுவே பெரிய விஷயம்.

முகிலன் அண்ணன்: சித்தி சொல்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெனட் ஹேவிலண்ட் ஜோன்ஸ் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெண்களுக்குப் பரிசு அனுப்பினார்கள். சிலருக்குப் பூ, சிலருக்குப் பழக்கூடை, சிலருக்கு மெழுகுவர்த்தி. கதவைத் திறந்ததும் முகத்தில் வரும் சிரிப்பைக் கவனித்தார்கள். கண்ணும் சேர்ந்து சிரிக்கும் உண்மையான சிரிப்பு, பூ வாங்கிய எல்லோருக்குமே வந்தது. மூன்று நாள் கழித்துக் கேட்டபோதும் அவர்கள் மனநிலை நன்றாகவே இருந்தது. வயதானவர்களிடமும் தனியாகச் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கு மனநிலையோடு நினைவாற்றலும் கொஞ்சம் மேம்பட்டிருந்தது.

சேகர் மாமா: அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்?

முகிலன் அண்ணன்: அமெரிக்கப் பூ வியாபாரிகள் சங்கத்தின் ஆதரவு இருந்தது, மாமா. அதனால் அதை மட்டும் நம்பிப் பேசக்கூடாது. ரோஜர் உல்ரிக் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியதைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த 46 பேரின் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டார். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரியும், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 2008-இல் பார்க், மேட்ஸன் இருவரும் குடல்வால் அறுவை முடிந்த 90 பேரிடம் செய்த ஆய்வு பூவுக்கு இன்னும் நெருக்கமானது. அறையில் பூச்செடியும் இலைச்செடியும் வைத்திருந்தவர்களுக்கு வலி மருந்து குறைந்தது, பதற்றமும் களைப்பும் குறைந்தன, ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியது.

சேகர் மாமா: அப்படியானால் அச்சகத்துக்காரர் சொன்னது சரிதானே?

ராணி சித்தி: இல்லை அண்ணா. அது அறுவை முடிந்து கட்டிலில் கிடந்த சில நாட்களின் கணக்கு. வருடக்கணக்காக இருக்கும் ரத்த அழுத்தத்துக்கு அதைக் காட்டிப் பூ விற்கக்கூடாது. செல்வி, இதையும் குறித்துக்கொள். தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குப் பூ அனுப்பாதே. புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வேண்டாம், ஜாடித் தண்ணீரில் கிருமி வளரும். ஆர்டர் எடுக்கும்போதே எந்த வார்டு என்று கேள். பூனை வளர்க்கும் வீட்டுக்கு லில்லி கூடாது, பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். மறதி நோய் உள்ளவர், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அரளி கலந்த சரம் கொடுக்காதே. அது விஷம், வாயில் போட்டுவிடுவார்கள்.

செல்வி: சரி சித்தி. வார்டு கேட்கிற பழக்கம் இருக்கிறது. பூனை விஷயம் எனக்குப் புதிது. நாங்கள் சீன வீடுகளுக்கு வெள்ளை, மஞ்சள் சாமந்தி அனுப்பமாட்டோம், அவர்களுக்கு அது இறப்பு வீட்டுப் பூ.

காலை 10:47

பெரியம்மா பினாங்கு: எல்லாம் படித்தேன். நான் ஒன்று சொல்லவா?

பெரியம்மா பினாங்கு: உங்கள் பெரியப்பா போனபிறகு எனக்கென்று யாரும் பூ வாங்கித் தந்ததில்லை. சாமிக்கு வாங்குகிறேன், அது வேறு. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவில் பக்கம் போனால் பூக்காரர் முதலில் என் நெற்றியைப் பார்ப்பார். அப்புறம் "சாமிக்கா அம்மா?" என்பார். மரியாதையாகத்தான் கேட்கிறார், குறை சொல்லவில்லை. தலையில் வைத்துக்கொள்ள எனக்கும் ஆசை இல்லை. ஆனால் மல்லிகை வாசனை பிடிக்காமல் போய்விடுமா? ஆயர் ஈத்தாமில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஒருநாள் சந்தையிலிருந்து வரும்போது ஒரு கொத்து ஆர்கிட் கொண்டுவந்து கையில் கொடுத்தார். விசேஷம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அன்று முதல் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதுவரை தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால்தான் உட்காருவேன்.

ராணி சித்தி: அக்கா, இதை நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லையே.

பெரியம்மா பினாங்கு: யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை. இப்போது பேச்சு வந்தது.

முகிலன் அண்ணன்: பெரியம்மா, நான் அடுக்கிய ஆய்வுகளை விட இதுதான் முக்கியம். கணவர் போன வீட்டில்தான் தனிமை அதிகம். அந்த வீட்டுக்குத்தான் நாம் பூவை நிறுத்திவிடுகிறோம். பொட்டு, பூ, வளையல் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவர் ஏன் வெளியே வருவதில்லை என்று கவலைப்படுகிறோம். இதை மாற்றப் பூக்கடையால் முடியும். கோவில், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் எல்லோரும் வந்து நிற்கிற இடம் அது.

செல்வி: உண்மைதான் அண்ணா. என் கடைக்கும் அப்படி ஓர் அம்மா வருவார். பூவைத் தொட்டுப் பார்ப்பார், முகர்வார், சாமிக்கு ஒரு முழம் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இனி வேலைக்கு நிற்கிற பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். யாரையும் "சாமிக்கா, தலைக்கா" என்று கேட்கவேண்டாம். "எத்தனை முழம்" என்று மட்டும் கேட்டால் போதும். மேசையில் வைக்கச் சின்னக் கொத்து ஒன்று முன்வரிசையிலேயே இருக்கட்டும்.

செல்வி: இன்னொன்றும் தோன்றுகிறது. இறப்பு வீட்டுக்கு மாலை எங்களிடம்தான் வாங்குகிறார்கள். கருமாதி முடியும்வரை வீடு நிறையக் கூட்டம். அப்புறம் ஒருவரும் இல்லை. ஒரு மாதம் கழித்து ஒரு சின்னக் கொத்து அனுப்பட்டுமா என்று மாலை வாங்க வரும் பிள்ளைகளிடமே கேட்டு வைக்கலாம். சம்மதித்தால் மட்டும் முகவரியைக் குறித்துக்கொள்வோம். சில வீடுகளில் வருடம் திரும்பும்வரை எதுவும் வேண்டாம் என்பார்கள், அங்கே வற்புறுத்தக்கூடாது.

சேகர் மாமா: நல்ல எண்ணம். ஆனால் கணக்கைப் பார். மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. தீபாவளி, தைப்பூசம் நெருங்கினால் விலை ஏறிவிடும். இலவசமாக எவ்வளவு கொடுப்பாய்?

செல்வி: மல்லிகை இல்லை மாமா. கேமரன் மலையிலிருந்து வரும் சாமந்தி, ரோஜா. திங்கள், செவ்வாயில் வியாபாரம் மந்தம், அப்போதுதான் பூ மிஞ்சுகிறது. வாடுவதற்கு முன்பே கொத்தாகக் கட்டிவிடலாம். சாமந்தி என்றால் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். ஒரு கொத்து பத்து வெள்ளி (ரிங்கிட்). வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவுக்கு மாதக்கட்டணம் கட்டிவிட்டால் வாரம் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ராணி சித்தி: கொண்டுபோகிற பையன் வாசலில் வைத்துவிட்டு ஓடக்கூடாது. "தண்ணீர் மாற்றினீர்களா பாட்டி" என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும். கதவு திறக்கவில்லை என்றால் பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லவேண்டும். என்னைக் கேட்டால் பாதி நன்மை அந்தக் கதவருகில்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு சின்ன அட்டையும் வை: காம்பைச் சாய்வாக நறுக்கு, தண்ணீருக்குள் இலை இருக்கவேண்டாம், பழுத்த வாழைப்பழம் பக்கத்தில் வைக்காதே. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைத்துவிடும்.

பெரியம்மா பினாங்கு: பூவை உதிரியாகவும் கொடு செல்வி. கட்டுகிற வேலையை எங்களுக்கு விடு. வாழைநார் இருந்தால் போதும்.

ராணி சித்தி: அக்கா சொல்வது மிகச் சரி. மறதி நோய் வந்தவர்களுக்குப் பெயர் மறந்தாலும் கை பழகிய வேலை நெடுநாள் மறப்பதில்லை. என் மாமியாருக்கு என்னை யார் என்று தெரியாத காலத்திலும் பூ கட்டுவார், முடிச்சு ஒன்றுகூடத் தளராது. முதியோர் இல்லத்துக்குக் கொத்து கொடுப்பதைவிட ஒரு தட்டு உதிரிப்பூவும் நாரும் கொடு. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கட்டுவார்கள், கதை பேசுவார்கள். அங்கேயும் அரளி வேண்டாம், மறந்துவிடாதே.

முகிலன் அண்ணன்: அப்போது பலகை?

செல்வி: "உங்கள் மேசைக்கு ஒரு கொத்து, பத்து வெள்ளி. யாருக்கும், எந்த நாளும்." இதை மட்டும் போடட்டுமா?

பெரியம்மா பினாங்கு: "யாருக்கும்" என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்.

சேகர் மாமா: செவ்வாய்க்கிழமை என் வேன் சும்மாதான் நிற்கிறது. செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கிற வீடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். முகவரிகளை இன்று இரவே அனுப்பு.

செல்வி: சரி மாமா. பெரியம்மா, உங்களுக்கு ஆர்கிட்டா, ரோஜாவா? ஜார்ஜ்டவுனில் தெரிந்த கடை இருக்கிறது, அங்கே சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா பினாங்கு: உதிரி மல்லிகை.